ஊசிக்கு முந்திய பேச்சு

வடமராட்சியிலுள்ள சனசமூக நிலையமொன்றின் வாசிகசாலையில் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்



டாட்டூ பற்றிப் பேச இந்தத் தலைப்பைத் தந்தபோது நிலையத்தின் செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். "சேர், குத்துங்கோ எண்டும் சொல்லவேண்டாம், குத்தாதேங்கோ எண்டும் சொல்லவேண்டாம். குத்தப் போறவன் என்னத்தை யோசிக்கவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். நல்ல நிபந்தனை. நான் சித்திரம் படிப்பித்தவன். என்னிடம் படித்த சிலர் இன்று டாட்டூ இயந்திரம் பிடித்துப் பிழைக்கிறார்கள். வரைந்த உருவைக் காட்டவும் தமிழ் எழுத்தைச் சரிபார்க்கவும் அவர்கள் என்னிடம் வருவதுண்டு. வரும்போது வாடிக்கையாளர்களைப் பற்றிய முறைப்பாடுகளையும் கொண்டுவருவார்கள். வாடிக்கையாளர்கள் வந்தால் டாட்டூக் கலைஞர்களைப் பற்றிய முறைப்பாடுகளைக் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கேட்டு எனக்குப் பட்டது இதுதான்: ஒரு டாட்டூ நன்றாக வருமா பாழாய்ப் போகுமா என்பது முற்பணம் கட்டுவதற்கு முன் நடக்கும் பேச்சிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்தப் பேச்சை எங்கள் ஆட்கள் பேசுவதில்லை. விலை கேட்கிறார்கள், திகதி கேட்கிறார்கள், போய் இருக்கிறார்கள்.

பச்சை குத்துவது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பாதி சரி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குறத்தியர் வீடு வீடாக வந்து பெண்களின் முன்கையில் கோலமும் பெயரும் குத்திவிட்டுப் போனார்கள். எட்கார் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் இந்தத் தொழில் பதிவாகியிருக்கிறது. மலையகத்திலும் வயதான பாட்டிமாரின் கைகளில் அந்தப் பச்சையைக் காணலாம். ஆனால் அந்தக் குறத்தியிடம் போய், "எனக்கென்று புதிதாக ஒன்று வரைந்து தா" என்று யாரும் கேட்கவில்லை. அவள் கைக்குப் பழகிய உருக்கள் சில இருந்தன. அவற்றில் ஒன்றைக் காட்டிவிட்டுக் கையை நீட்டவேண்டியதுதான். 1891 டிசம்பரில் நியூயோர்க்கில் சாமுவேல் ஓரைலி என்பவர், எடிசனின் மின்பேனாவைப் பின்பற்றிச் செய்த டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய கோடும் நிழலும் கைவசமாயின. எதையும் குத்தலாம் என்ற நிலை வந்தபின், எதைக் குத்துவது என்ற பொறுப்பு குத்துபவரிடமிருந்து குத்துவிப்பவரின் தலைக்கு மாறிவிட்டது. தனக்கென்று வரைவித்துக் குத்துவிக்கும் கஸ்டம் டாட்டூவின் சிக்கல் முழுவதும் இங்கேதான்.

என் மாணவன் ஒருவன் தன் வட்ஸ்அப்பைக் காட்டினான். இரவு வேளையில் வந்திருந்த செய்தி: "அண்ணா, கையில குத்த எவ்வளவு?" இதற்கு என்ன பதில் சொல்வது? கையில் எங்கே? மணிக்கட்டிலா, முழங்கைக்கு மேலா? எவ்வளவு பெரிது? கறுப்பா, நிறமா? அவன் திருப்பிக் கேட்ட ஆறு கேள்விக்கும் வந்த பதில், "வடிவா இருக்கவேணும்." இன்னொரு பிள்ளை அனுப்பியதையும் காட்டினான். குத்தவேண்டிய இடத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம். நீள அகலம் சென்றிமீற்றரில். பிடித்த பாணிக்கு மூன்று மாதிரி. அந்த இடத்தில் சின்ன வயதில் பட்ட சூட்டுத் தழும்பு ஒன்று உண்டு என்ற குறிப்பு. கையிலிருக்கும் காசு. எந்த மாதம் வசதி என்பது. கடைசியில் இரண்டு வரியில், ஏன் இதைக் குத்த விரும்புகிறேன் என்பது. அந்த இரண்டு வரியை வைத்துத்தான் அவன் வரைந்தான். மற்றவையெல்லாம் அளவுக்கணக்கு.

காரணத்தைச் சொல்லுங்கள் என்பதற்காக எல்லாக் காரணத்தையும் ஒரே கையில் ஏற்றக்கூடாது. ஒரு பனை, ஒரு யாழ், அம்மாவின் பெயர், தங்கச்சி பிறந்த திகதி, பறக்கும் இரண்டு குருவி, ஒரு மணிக்கூடு. இவ்வளவும் ஒரு முன்கைக்குள் வேண்டும் என்று கேட்டவர் இருக்கிறார். சித்திரப் பாடத்தில் இதற்கு நான் புள்ளி குறைத்திருப்பேன். ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அதைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கண்ட இன்னொருவருடைய டாட்டூவைக் காட்டி, "இதையே போடுங்கோ" என்பதும் வேண்டாம். அது வேறொருவருக்கென்று வேறொரு கை வரைந்தது. மறுக்கிற கலைஞரை நம்பலாம். யோசிக்காமல் ஓம் என்கிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும்.

இனி, கலைஞரின் வேலையைப் பார்ப்பது. இன்ஸ்டகிராமில் போடும் படம் பெரும்பாலும் குத்தி முடித்த நிமிடத்தில் எடுத்தது. கோடு கூராக, கறுப்பு கருகருவென்று, சுற்றிலும் தோல் சிவந்து, மேலே ஏதோ பூசி மினுங்கும். அதைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய ஏலாது. "ஆறின படம் காட்டுங்கோ, ஒரு வருசம் கழிஞ்சது இருந்தால் இன்னும் நல்லது" என்று கேளுங்கள். அதோடு, எங்கள் நிறத் தோலில் செய்ததைக் கேளுங்கள். மை தங்குவது தோலின் உட்படையில். எங்கள் நிறம் இருப்பது அதற்கு மேலே. ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் நாங்கள் பார்ப்பது தேநீர் நிறக் கண்ணாடி ஒன்றுக்கூடாகத்தான். வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் பளிச்சென்று தெரியும் இளமஞ்சளும் ரோசாவும் எங்கள் தோளில் சேற்று நிறமாகிவிடக்கூடும். வெள்ளை மை பல வேளைகளில் தழும்பு போலத்தான் தெரியும். கறுப்பும் ஆழ்ந்த சிவப்பும் நிற்கும். நிறம் வேண்டுமென்று ஆசைப்பட்டால், அதே நிறத்தை மாநிறத் தோலில் போட்டு ஆறிய படம் ஒன்றாவது காட்டச் சொல்லுங்கள். காட்ட இல்லையென்றால் கறுப்போடு நில்லுங்கள். கறுப்பு எங்களுக்குக் குறைவான ஒன்றுமில்லை.

எழுத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் திருத்தத்துக்கு வருபவற்றில் அதிகம் இதுதான்.

தமிழ் எழுத்து சுழிகளால் ஆனது. ண என்ற எழுத்தின் சுழிகளை எண்ணிப் பாருங்கள். ஜ, ஷ, ழ எல்லாம் அப்படியே. இந்தச் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம்தான் எழுத்தை எழுத்தாக வைத்திருக்கிறது. தோலுக்குள் போன மை அசையாமல் கிடப்பதில்லை. உடம்பின் காவற் கலங்கள் அதை அந்நியப் பொருளென்று விழுங்கி வைத்திருக்கின்றன. அந்தக் கலம் இறக்கும்போது மையை வெளியே விடுகிறது, பக்கத்தில் வந்து சேரும் புதுக்கலம் அதை மறுபடி விழுங்குகிறது. இதை 2018 இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் வைத்துக் காட்டினார்கள். டாட்டூ நிலைப்பதே இந்தக் கைமாற்றலால்தான். ஆனால் வருடங்கள் போகப்போகக் கோடு தடிக்கும். தடிக்கும்போது சுழிகள் அடைபடும். விரல் பக்கவாட்டில் பொடி எழுத்தில் குத்திய "கண்ணம்மா" பத்து வருடத்தில் வரிசையாய் நிற்கும் கறுப்புக் கட்டிகளாகிவிடலாம். மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள கோட்டோடு ஒட்டினால் பெயரே வேறாகும். சின்னவிரல் நகத்தின் உயரத்துக்குக் கீழே தமிழ் எழுத்தைப் போகவிடாதீர்கள் என்பது என் கணக்கு. கலைஞர் இன்னும் பெரிதாகக் கேட்டால் விட்டுக்கொடுங்கள்.

அடுத்தது கணினி செய்யும் வேலை. இங்கே அச்சகங்களிலும் ஸ்ரூடியோக்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் ஓடுகிறது. கைபேசியில் நீங்கள் தட்டுவது யூனிகோட். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றாமல் ஒட்டினால் குப்பை வரும். குப்பையைக் கண்டால் யாருக்கும் தெரியும், அதனால் அது ஆபத்தில்லை. அரைகுறையாய்ப் பிழைப்பதுதான் ஆபத்து. படம் வரையும் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைத் திறந்துவிடாவிட்டால் "கொ" என்பதன் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். குத்துகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அப்படியே அச்செடுத்துவிடுவார். தமிழ் தெரிந்தவருக்கும் சறுக்குகிற இடம் உண்டு. கௌசல்யா என்று ஒரு பெயர். ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைப் போட்டு "கெ, ள, ச" என்று எழுதினாலும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட அதேதான். கலைஞர் அதைக் கொஞ்சம் அலங்கரித்து, ளகரத்தை நீட்டி, இடைவெளி விட்டுவிட்டால் உங்கள் மனைவியின் பெயர் "கெள சல்யா" ஆகிவிடும். ஆகவே எழுத்தைக் குத்துவிப்பவர் மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுக்கவேண்டும். அவர்களில் ஒருவர் அந்தப் பெயரை முன்பு அறியாதவராக இருக்கவேண்டும். தெரிந்த பெயரைக் கண் பிழையோடேயே சரியாக வாசித்துவிடும். காகிதத்தில் ஒருமுறை, தோலில் ஊதா நிற அச்சு ஒட்டியபின் ஒருமுறை. கண்ணாடியில் பார்த்து வாசிக்காதீர்கள், கைபேசியில் படமெடுத்து வாசியுங்கள்.

இன்னொரு வகைக் கோரிக்கை எங்கள் மண்ணுக்கே உரியது: முகம். அப்பாவின் முகம், அண்ணாவின் முகம், திரும்பி வராதவர்களின் முகம். வேறு ஊர்களில் நடிகரையும் விளையாட்டு வீரரையும் குத்துவிக்கிறார்கள். இங்கே கேட்பவர்களில் பலருக்குக் கையிலிருப்பது ஒரேயொரு படம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அல்பத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் எத்தனை பேர்? வன்னியில் 2009 வரை எத்தனை தடவை மூட்டை கட்டினோம், எத்தனை மூட்டையைக் கைவிட்டோம்? மிஞ்சியது பழைய அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி. அதைக் கைபேசியில் எடுத்து, வைபரில் அனுப்பி, அதிலிருந்து உள்ளங்கையளவு முகம் கேட்கிறோம்.

அந்தப் படத்தில் கண் இரண்டு கறுப்புப் பொட்டு. மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே நிழல் இல்லை. ஆனால் முகத்தை முகமாக்குவது அந்த நிழல்தான். இல்லாததை வரைபவர் ஊகித்து நிரப்புவார். திறமையானவர் நிரப்பினால் அழகான ஒரு மனிதர் வருவார். "ஆனா இது அப்பா இல்லை" என்று தாய் சொல்லுவா. அதற்குப் பிறகு அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பழைய படத்தைத் தெளிவாக்கித் தருகின்றன என்கிறார்கள். அவையும் ஊகித்துத்தான் நிரப்புகின்றன. முகம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் தாளில் வரைவியுங்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். அவரை நன்றாக அறிந்த ஒருவரிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டுங்கள். அவர் பெயரைச் சொன்னால் மட்டும் தோலுக்குப் போங்கள். முகத்தைச் சின்னதாக்காதீர்கள். படம் போதாது என்று கலைஞர் மறுத்தால் கோபிக்காதீர்கள், அவர் உங்கள் அப்பாவைக் காப்பாற்றுகிறார்.

முகம் ஏலாவிட்டால் வேறு வழி உண்டு. கையெழுத்து. பலரிடம் ஒரு பழைய கடிதமாவது இருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஒரு ஒப்பமாவது இருக்கும், பள்ளிக்கூட ரிப்போட்டில் "பார்த்தேன்" என்று போட்ட கையொப்பமாவது இருக்கும். அதில் ஊகிக்க ஒன்றுமில்லை, கோடு அப்படியே கிடக்கிறது. பேனா அழுந்திய இடம், தூக்கிய இடம் எல்லாம் தெரியும். இதை ஒரு பிள்ளைக்குச் செய்து கொடுத்ததைப் பார்த்தேன். தகப்பனார் சைக்கிள் கடைக் கணக்குக் கொப்பியில் எழுதிவைத்த அவளுடைய பெயர். அவர் போட்ட புள்ளி எப்போதும் எழுத்துக்கு மேலே இல்லாமல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விழுமாம். அந்தத் தள்ளலோடேயே குத்தியிருந்தார்கள்.

முகத்துக்கும் நிழலுக்கும் சாம்பல் நிற மை வேண்டும். கறுப்பை ஐதாக்கித்தான் சாம்பல் வரும். எதைக் கொண்டு ஐதாக்குகிறார்கள் என்று கேளுங்கள். 2011 இன் கடைசி மாதங்களில், நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் ஒரு கலைஞரிடம் குத்திய 19 பேருக்குத் தோலில் விடாத தடிப்புகள் வந்தன. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று. கடை சுத்தம், ஊசி புதிது. சாம்பல் மையைத் தயாரித்தவர் அதை வடித்த நீர் விட்டு ஐதாக்கியிருந்தார், அந்த நீர் கிருமியகற்றியதாக இருக்கவில்லை. அமெரிக்காவில் வடித்த நீரில் இப்படியென்றால், கிணற்றுத் தண்ணீரும் போத்தல் தண்ணீரும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஊசிமருந்துக்குப் பயன்படும் கிருமியகற்றிய நீர் மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதைத்தான் பாவிக்கவேண்டும்.

முற்பணம் கட்டுமுன் கடைக்கு ஒருமுறை நேரில் போங்கள். சுவரில் தொங்கும் உரிமத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அது கடை நடத்த அனுமதி. வேறொருவருக்குக் குத்தும்போது தூர நின்று பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். ஊசிக் கூட்டை அந்த ஆளின் கண்முன் உறை கிழித்து எடுக்கிறார்களா? மையைச் சின்ன மூடிகளில் ஊற்றி, மிஞ்சியதை எறிகிறார்களா, போத்தலுக்குத் திரும்ப ஊற்றுகிறார்களா? இயந்திரத்துக்கும் வயருக்கும் பிளாஸ்ரிக் உறை சுற்றியிருக்கிறதா? எல்லாவற்றிலும் முக்கியம்: நடுவில் கைபேசி அடித்தால் என்ன நடக்கிறது? கையுறையோடு எடுத்துக் கதைத்துவிட்டு அதே கையுறையோடு திரும்ப வந்து ஊசியைத் தொட்டால், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு காய்ந்த மேசைமேல் ஏழு நாள் உயிரோடு கிடக்கும். கண்ணுக்கு இரத்தம் தெரியாது.

அந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. இலங்கையில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டவணையில் அது சேர்ந்தது 2003 இல். அதற்கு முன் பிறந்தவர்கள், தனியாகப் போட்டிருந்தால் ஒழிய, பாதுகாப்பில்லாதவர்கள். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பீர்கள். மூன்று ஊசி, ஆறு மாதம் ஆகும். டாட்டூவுக்கு நாள் குறிக்க அவசரப்படுபவர்கள் இதை முதலில் தொடங்கலாம்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகவேண்டும், புண் ஆறச் சுணங்கும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போடுங்கள். காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ தோல் தடித்து மேலெழுந்து வளர்ந்தவர்கள், அதாவது கீலோயிட் வருபவர்கள், நெஞ்சிலும் தோளிலும் குத்தவே வேண்டாம். எங்களுடையதைப் போன்ற கறுத்த தோலுக்கு இது கூடுதலாக வரும். கலைஞரிடம் இதை மறைத்தால் நட்டம் அவருக்கில்லை.

எங்கே குத்துவது? வலி கூடிய இடம், குறைந்த இடம் என்று படம் போட்டு இணையத்தில் கிடக்கிறது, அதை விடுங்கள். எங்கள் ஊரில் வேறு கணக்குகள் உண்டு. நல்லூர்க் கோயிலில் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆகவே, "உடுப்புக்குள்ள மறைஞ்சிருக்கும்" என்று நெஞ்சில் குத்தியது திருவிழா நடக்கும் ஆவணி மாதத்தில் யாழ்ப்பாணம் முழுவதற்கும் காட்சிக்கு வரும். முதுகில் செடில் குத்தித் தூக்குக்காவடி எடுப்பவனைக் கையெடுத்துக் கும்பிடும் அதே ஆட்கள், நெஞ்சில் சிங்க முகம் குத்தியவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நியாயமா என்றால் இல்லை என்பேன். ஆனால் பார்ப்பார்கள், மாமனார் ஆகப்போகிறவரும் அவர்களில் நிற்பார். சாமி உருவை இடுப்புக்குக் கீழே போடுவதும் இங்கே வீட்டுச் சண்டையில்தான் முடியும். முருகனின் வேல் என்றால் நெஞ்சில் போடுங்கள், கணுக்காலில் வேண்டாம்.

நாட்டளவில் இன்னொன்று. 2014 ஏப்ரலில் பிரித்தானியத் தாதி ஒருவர் கட்டுநாயக்கவில் வந்திறங்கினார். மேற்கையில் தாமரைமேல் அமர்ந்த புத்தர். பக்தியில் குத்தியது. கைதாகி, நாடுகடத்தப்பட்டார். வழக்குப் போட்டார், 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து நட்டஈடும் செலவுமாக எட்டு இலட்சம் ரூபாய் அளவில் கொடுக்கச் சொன்னது. வென்றார்தான், மூன்றரை வருடம் கழித்து. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்தவருக்கே இந்தப் பாடு.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் தோளில் சில சின்னங்களைப் பார்க்கிறேன். ரொறன்ரோவில் அது பெற்றோரின் கதையை மறக்காதிருக்கும் ஒரு வழி, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இங்கே அதையே 1979 இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கண்ணால் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மச்சானைப் பார்த்து இங்குள்ள பெடியனும் அதையே கேட்டு வருவான். மச்சான் மூன்று கிழமையில் விமானம் ஏறிவிடுவான். என்ன குத்தவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, அது அவரவர் தோல், அவரவர் நெஞ்சு. ஆனால் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு குத்துங்கள். அரச வேலையோ, சீருடை வேலையோ எண்ணியிருப்பவர்கள் வர்த்தமானி அறிவித்தலின் உடற்தகுதிப் பகுதியை முதலில் வாசியுங்கள்.

காசு. டாட்டூவுக்குப் பேரம் பேசுவது எங்கள் ஆட்களின் தீராத வருத்தம். "தெரிஞ்ச ஆக்கள்தானே, கொஞ்சம் பாத்துப் போடுங்கோ." முற்பணம் திருப்பித் தரப்படாது என்றால் முகம் சுழிக்கிறோம். அந்தப் பணம் நாற்காலியில் இருப்பதற்கு இல்லை, இரண்டு மூன்று இரவு உட்கார்ந்து வரைவதற்கு. நீங்கள் வராமல் விட்டாலும் அந்த இரவுகள் போனவைதான். ஆனால் கொடுக்குமுன் நீங்களும் கேட்கவேண்டியதைக் கேளுங்கள். வரைந்ததை எப்போது காட்டுவீர்கள், எத்தனை முறை திருத்துவீர்கள், முற்பணம் கடைசித் தொகையில் கழியுமா, ஆறியபின் விட்டுப்போன இடத்தை நிரப்பத் தனிக்காசா, நீங்களே நாளைத் தள்ளிப்போட்டால் என்ன செய்வது? பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு காணாவிட்டால் அதே உருவைச் சின்னதாக்கச் சொல்லாதீர்கள். நுணுக்கம் குறையாமல் அளவு குறைந்தால் வேலை குறையாது, பழுதாவது மட்டும் கூடும். எளிமையான உருவாக மாற்றச் சொல்லுங்கள். அல்லது அடுத்த சம்பளம் மட்டும் பொறுங்கள்.

நாள் குறிக்கும்போது ஆறும் காலத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். மேல்தோல் மூட இரண்டு முதல் நாலு கிழமை. அதுவரை கடலும் கேணியும் கூடாது. கசூரினாவில் குளிக்கவும் கீரிமலையில் முழுகவும் திட்டம் போட்டு வந்தவர்கள் அதையெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். விடியப்புறம் வீதி மணலில் பிரதட்டை பண்ணும் நேர்த்தி உள்ளவர், முதுகில் புதுப்புண்ணோடு அந்த மணலில் உருள ஏலாது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மருந்தடிக்கும் பெடியள் அந்தக் கிழமைகளில் வேறு ஆளைப் பிடிக்கவேண்டும். கடற்றொழில் செய்பவர்களுக்கு வாடைக் காலத்தில் வள்ளம் கரையில் கிடக்கும் நாட்கள்தான் தோது. பிறகு பராமரிப்பு: மணமில்லாத சவர்க்காரம், சுத்தமான கை, மெல்லிதாகக் களிம்பு. அம்மம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டு வருவா. அன்போடு மறுத்துவிடுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சீழ் கட்டினால், காய்ச்சல் வந்தால் கலைஞரிடம் படம் அனுப்பிக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார் கேட்க நினைப்பதற்கும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயதுக்கு முன் வேண்டாம். எவ்வளவு அடம்பிடித்தாலும், நீங்களே கூடவந்து கையெழுத்துப் போட்டாலும் வேண்டாம், உடம்பு இன்னும் வளர்கிறது. அதற்குப் பதிலாகக் கறுப்பு மருதாணி போட்டுவிடுவோம் என்றும் எண்ணாதீர்கள். உடனே கரிக்கறுப்பாய்ப் பிடிப்பது மருதாணி இல்லை, தலைமயிர்ச் சாயத்தில் போடும் இரசாயனம். கொப்பளித்துத் தழும்பாகி, வாழ்நாள் முழுவதும் ஒவ்வாமையாய் நின்ற கதைகள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு. டாட்டூக் கடையில் நாக்கைப் பிளப்பது, கண்ணுக்குள் மை ஏற்றுவது என்று யாராவது ஆசை காட்டினால் ஓடிவாருங்கள். 2024 டிசம்பரில் திருச்சிராப்பள்ளியில் இப்படி நாக்குப் பிளந்த கடையை மாநகராட்சி பூட்டி, நடத்தியவரைப் பொலிஸ் பிடித்தது.

பிடிக்காவிட்டால் லேசரில் அழிக்கலாம்தானே என்கிறார்கள். அழிக்கலாம். ஆறேழு கிழமைக்கு ஒருமுறையாகப் பல தடவை, கொழும்புப் பயணம், குத்தியதைவிடப் பல மடங்கு காசு. கறுப்பு ஓரளவு போகும், பச்சையும் மஞ்சளும் முரண்டு பிடிக்கும், எங்கள் நிறத்தில் அந்த இடம் வெளிறியோ கறுத்தோ நிற்கவும் கூடும்.

கடைசியாக, வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு. நீங்கள் வருடாவருடம் இரத்ததான முகாம் வைக்கிறவர்கள். டாட்டூ குத்தியவரிடம் ஒரு வருடத்துக்கு இரத்தம் எடுக்கமாட்டார்கள். முகாமில் கொடுக்கும் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது, மறைக்காமல் பதில் எழுதுங்கள். அரிதான வகை இரத்தம் உள்ளவர்கள் யாழ். போதனா வைத்தியசாலை இரத்த வங்கியில் பெயர் கொடுத்திருந்தால் அங்கேயும் சொல்லிவையுங்கள். முகாம் திகதி இன்னும் வைக்கவில்லை என்று செயலாளர் சொன்னார். அதை முதலில் வையுங்கள், கொடுக்கவேண்டியதைக் கொடுங்கள், இரண்டு மூன்று கிழமை கழித்துக் கலைஞருக்குச் செய்தி போடுங்கள்.